வன்னிப்பக்கம் போகேக்க வாகனத்துக்க துவக்கு வைக்கலாமோ? – கனபேர் கேக்கிற கேள்வியளும் என்ர பதிலும்

ஆடி ஆவணியிலயும் மார்கழியிலயும் வெளிநாட்டு ஆக்கள் வந்திறங்க, யாழ்ப்பாணத்தில இருந்து வன்னி, மன்னார், வில்பத்து எண்டு சுத்தப்போற கூட்டமும் கூடும். நான் வான் ஓடுறனான், அந்தப் பக்கம் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறனான், அதால ஒரே சந்தேகங்களைத் திருப்பித் திருப்பிக் கேக்க வேண்டி வருது. கனடாவில மச்சான் ட்ரக்கில ரைபிள் கொண்டு போறார், எங்களுக்கும் ஒண்டு வாகனத்துக்க கிடந்தால் நல்லதுதானே, எது வாங்கலாம் எண்டு தொடங்கி, யானை, பாம்பு, மிதிவெடி எண்டு போகும். கேட்டவை கேட்ட மாதிரியே கேள்வியை எழுதியிருக்கிறன். என்ர நிலைப்பாட்டை முதலே சொல்லிப்போடுறன்: இஞ்ச வாகனத்துக்க ரைபிள் வைக்கவும் ஏலாது, வைக்கத் தேவையும் இல்லை. அதுக்காக வெறுங்கையோட காட்டுப்பக்கம் வெளிக்கிடவும் கூடாது.

அண்ணை, காடுதானே, பாதுகாப்புக்கு ஒரு துவக்கு வாகனத்துக்க கிடந்தால் என்ன?

இலங்கையில துவக்கு விசயம் 1916 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வருது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வச்சிருக்கிறதே குற்றம், சுட்டீங்களோ இல்லையோ எண்டது பிறகு வாற கதை. 1996 இல திருத்தம் கொண்டுவந்து தண்டனையளையும் கூட்டிப்போட்டினம். வாகனத்தை மறிச்சுச் சோதிக்கேக்க சீற்றுக்குக் கீழ ஒண்டு அம்பிட்டால் வாகனத்தில இருக்கிற எல்லாருக்கும் விசாரணை, ஓட்டிக்கொண்டு வந்த ஆளுக்கு முதல் விசாரணை.

அதோட, உங்கட பயணத்தில ஏதாவது ஒரு தேசிய பூங்கா கட்டாயம் வரும், வில்பத்தோ மடுவோ சுண்டிக்குளமோ. 1937 ஆம் ஆண்டு வனசீவராசிகள் கட்டளைச் சட்டப்படி அதுக்குள்ள துவக்கோட நுழையிறது தனிக் குற்றம். சுண்டிக்குளம் 2015 இல தேசிய பூங்கா ஆகினது கனபேருக்குத் தெரியாது, இன்னும் பழைய குருவிச் சரணாலயம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் போயினம்.

அப்ப வன்னியில விவசாயியள் துவக்கு வச்சிருக்கினமே, அது எப்பிடி?

பயிர்ப் பாதுகாப்புக்கு எண்டு மாவட்டச் செயலகத்தால, எங்கட பேச்சில கச்சேரியால, குடுக்கிற அனுமதி அது. பெரும்பாலும் 12 போர் ஷொட்கன்தான், ரைபிள் இல்லை. காணி இருக்கோ, பயிர் செய்யிறாரோ, பன்றி குரங்குத் தொல்லை உண்மையோ எண்டு விதானையார், பொலிஸ் எல்லாம் பாத்துத்தான் குடுப்பினம். வருசா வருசம் புதுப்பிக்கவும் வேணும்.

தற்பாதுகாப்பு எண்டு குடுக்கிறது வேற வகை, அதைப் பாதுகாப்பு அமைச்சுத்தான் பாக்கும். 2024 கடைசியில அப்பிடிக் குடுத்த துவக்குகளையே மீளாய்வுக்கு எண்டு திருப்பி ஒப்படைக்கச் சொன்னவை. நிலைமை இப்பிடி இருக்க, சுற்றுலா போறதுக்கு ரைபிள் வேணும் எண்டு போய் விண்ணப்பிக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை.

மாமாட்டை லைசன்ஸ் துவக்கு இருக்கு, அவரையும் கூட்டிக்கொண்டு போனால் பிரச்சினை இல்லைத்தானே?

பிரச்சினைதான். முதல் சொன்ன மாதிரி அவருக்குக் குடுத்தது அவற்ற பயிரைக் காக்க. நெடுங்கேணியில வயல் செய்யிற ஆள் அந்தத் துவக்கை எடுத்துக்கொண்டு மன்னாருக்கு உங்களோட உல்லாசப் பயணம் வந்தால் அந்தக் காரணம் அங்க செல்லாது. அவர் இறங்கி ஒரு கடையில தேத்தண்ணி குடிக்கேக்க துவக்கு உங்கட வானுக்க கிடந்தால் அது உங்கட கையில இருக்கிற மாதிரித்தான். அந்த மனிசன் வருசக்கணக்கா கச்சேரிக்கு அலைஞ்சு எடுத்து வச்சிருக்கிற அனுமதி, உங்கட ஒரு நாள் பயணத்தால போகக்கூடாது.

எயார் ரைபிள் எண்டால் சும்மா விளையாட்டுச் சாமான்தானே, அதையாவது வைப்பமோ?

விளையாட்டுச் சாமான் இல்லை. கிட்டத்தில பட்டால் கண்ணும் போகும், உயிரும் போகலாம். கடைக்காரர் ஒண்டும் கேக்காமல் தந்தார் எண்டதை வச்சு வாங்காதேங்கோ, வாங்க முதல் கச்சேரியில கேட்டு எழுத்தில பதில் எடுங்கோ. பூங்காவுக்க அதுவும் ஏலாது. குளக்கட்டில நிண்டு கொக்கு, கூழைக்கடா, பூநாரை எண்டு சுட்டுப் பாக்கிற பெடியளை நான் வாகனத்தில ஏத்திறதில்லை.

பிரயோசனம் எண்டு பாத்தாலும் ஒண்டும் இல்லை. யானைக்கு அது நுளம்பு கடிச்ச மாதிரிக்கூட இராது, பன்றிக்குக் கோபத்தைத்தான் கிளப்பும்.

சரி, யானை முன்னுக்கு வந்து நிண்டால் துவக்கு இல்லாமல் என்ன செய்யிறது?

முதல் ஒண்டு விளங்க வேணும். துவக்கு இருந்தாலும் நீங்கள் செய்யிறது இதேதான். 12 போரால யானையை நிப்பாட்ட ஏலாது, காயம்தான் வரும், காயம்பட்ட யானை அடுத்த கிழமை அதே ரோட்டில சைக்கிளில வாற ஆரையோ அடிக்கும். எங்கட நாட்டில ஒவ்வொரு வருசமும் நூற்றுக்கணக்கில யானையள் சாகுது, மனிசரும் கனபேர் சாகினம்.

குடாநாட்டுக்க யானைப் பயம் குறைவு. பரந்தன் தாண்டி முல்லைத்தீவு ரோட்டில திரும்பினால், மாங்குளத்தால ஒட்டுசுட்டான் பக்கம் போனால், நெடுங்கேணி, மடுப்பக்கம் போனால் கவனமா இருக்க வேணும். செக்கல் நேரத்துக்கு முதல் போற இடத்துக்குப் போய்ச் சேருங்கோ, எனக்குத் தெரிஞ்ச பாதுகாப்பில பெரிசு அதுதான். விடியப்புறம் இருட்டோட வெளிக்கிடுறதும் அதே ஆபத்துத்தான்.

கண்டால் தூரத்திலயே நிப்பாட்டுங்கோ. எஞ்சினை ஓஃப் பண்ணாதேங்கோ. ஹோர்ன் அடிக்கக்கூடாது, லைற்றை ஏத்தி இறக்கி அடிக்கக்கூடாது, ஒருத்தரும் இறங்கி வீடியோ எடுக்கக்கூடாது. செவியை விரிச்சு, தும்பிக்கையைச் சுருட்டி, உங்களை நேர பாத்து நிண்டால் மெல்ல மெல்லப் பின்னுக்கு எடுங்கோ. அதுக்காகத்தான் பின்னால வாற வாகனத்துக்கு இடம் விட்டு நிப்பாட்டச் சொல்லுறது. குட்டியோட கூட்டம் ரோட்டைக் கடந்தால் கடைசி யானை போய் முடிஞ்சது எண்டு நினைச்சு உடன எடுக்காதேங்கோ, இன்னொண்டு பத்தைக்க நிக்கும். வாழைப்பழம், சோளம் ஒண்டும் குடுக்கவும் கூடாது. ரோட்டில மறிச்சு வாகனத்துக்க தும்பிக்கை விடுற யானையள் எல்லாம் ஆரோ முந்தி சாப்பாடு குடுத்துப் பழக்கினதுதான்.

யானை வெடி ரெண்டு வாங்கி வச்சால்?

அது வனசீவராசித் திணைக்களம் யானைத் தொல்லை உள்ள ஊர் ஆக்களுக்குக் குடுக்கிறது. அவை பகலிலயும் ராவிலயும் யானையோட வாழுற ஆக்கள், எந்தப் பக்கம் விரட்ட வேணும் எண்டு அவைக்குத் தெரியும். நீங்கள் ரோட்டில நிண்டு கொளுத்தினால் யானை எந்த வீட்டுப் பக்கம் ஓடும் எண்டு உங்களுக்குத் தெரியாது. வெயிலில கொதிக்கிற வாகனத்துக்க வெடி கிடக்கிறதும் நல்லதில்லை. யானை ஊருக்க நிண்டு கலகம் பண்ணினால் திணைக்களத்தின்ர அவசர இலக்கம் 1992, அதைப் போனில போட்டு வையுங்கோ.

கரடி எண்டால்? அது துரத்தும் எண்டு சொல்லுறாங்கள்.

யானையைவிட கரடிக்குத்தான் நான் கூடப் பயப்பிடுறனான், ஏனெண்டால் அதை முதலே காணக் கிடைக்கிறதில்லை. எங்கட கரடிக்குக் கண்பார்வை குறைவு, புத்து கிண்டிக்கொண்டு நிண்டால் காதும் கேளாது, நீங்கள் கிட்டப்போய்த் திடீரெண்டு முட்டுப்பட்டால் பயத்தில முகத்துக்குப் பாயும். பாலைப்பழக் காலத்தில, வைகாசி ஆனி ஆடிப்பக்கம், பாலைமரத்தடிக்குக் கரடி வரும், அதே நேரம் பழம் பொறுக்கச் சனமும் போகும், அந்த நேரம்தான் கவனம் வேணும்.

வாகனத்தை விட்டு நடக்கிறது எண்டால் கூட்டமா, சத்தமாக் கதைச்சுக்கொண்டு நடவுங்கோ. அந்தச் சத்தம் உங்களைக் காக்கும். சத்தம் இல்லாமல் துவக்கோட பதுங்கிப் போறவனுக்குத்தான் ஆபத்துக் கூட.

குளத்தில குளிக்கலாமோ, முதலை இருக்கோ?

இருக்கு. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு, எந்தப் பெரிய குளத்திலயும் இருக்கும் எண்டு நினைச்சே நடவுங்கோ. ஊர்ச்சனம் குளிக்கிற துறையில, அவை குளிக்கிற நேரத்தில மட்டும் இறங்குங்கோ. மைம்மலுக்குப் பிறகு தண்ணிக்கரையில சட்டி கழுவுறதும் வேண்டாம்.

பாம்பு கடிச்சால் என்ன செய்யிறது, ஆஸ்பத்திரி தூரமெல்லோ?

இதுதான் உண்மையில வாற ஆபத்து, இதைப்பற்றி ஆக்கள் கேக்கிறது குறைவு. எங்கட பக்கம் நாகம், கண்ணாடிப் புடையன், எட்டடி விரியன், கரையோர மணல் பக்கங்களில சுருட்டை. எட்டடி விரியன் ராவில நிலத்தில படுத்திருக்கிற ஆக்களைக் கடிக்கும், கடிச்சது நுளம்பு குத்தின அளவுக்குக்கூடத் தெரியாமல் போகலாம். அதால முகாம் போட்டால் நிலத்தில பாயை விரிச்சுப் படுக்காதேங்கோ, நுளம்பு வலையின்ர கரையைப் பாய்க்குக் கீழ மடிச்சு விட்டாவது படுங்கோ. சப்பாத்தைப் போட முதல் கவிழ்த்துத் தட்டுங்கோ.

கடிச்சால் கயித்தால இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாயால உறிஞ்சக்கூடாது. மோதிரம், காப்பு, கொலுசைக் கழட்டுங்கோ, பிறகு வீங்கினால் கழட்ட ஏலாது. கடிபட்ட காலையோ கையையோ ஒரு தடியோட சேத்து அசையாமல் வச்சு, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாகனத்தில ஏத்துங்கோ. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இல இருந்து வடக்கிலயும் ஓடுது, காசு இல்லை. ஆனால் காட்டுக்க நிண்டு அது வரும் வரைக்கும் காத்திருக்காமல் கதைச்சு எந்த இடத்தில சந்திக்கிறது எண்டு கேட்டு அந்தப் பக்கம் ஓடுங்கோ. கிளிநொச்சி, மாஞ்சோலை, வவுனியா, மன்னார் ஆஸ்பத்திரியளில எது கிட்ட எண்டு வெளிக்கிட முதலே பாத்து வையுங்கோ.

பாம்பைத் தேடி அடிச்சுக் கொண்டு போக வேண்டாம், தூரத்தில நிண்டு ஒரு படம் எடுக்க ஏலுமெண்டால் எடுங்கோ. ஆஸ்பத்திரியில இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில விட்டு 20 நிமிசம் ஆட்டாமல் வச்சு, பிறகு சரிச்சுப் பாப்பினம், உறையாமல் ஓடினால் புடையன் வகை விசம் ஏறியிருக்கு எண்டு பிடிச்சிடுவினம். விசமுறிவு மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசம். முதலில மந்திரிக்கிறவரிட்டப் பார்வை பாத்துக்கொண்டு வாறம் எண்டு ரெண்டு மணித்தியாலத்தை விட்டுப்போட்டு வராதேங்கோ, தயவுசெய்து.

அப்ப துவக்கு வேண்டாம் எண்டால் வாகனத்துக்க என்னதான் வைக்கிறது?

தண்ணி. ஆளுக்கு அஞ்சு லீற்றர் கணக்கில கான்களில, அதில மிஞ்சினது றேடியேற்றருக்கு. அடுத்தது ரயர் சாமான்: காத்து இருக்கிற ஸ்பெயர் வீல், ஜாக்கி, ஜாக்கிக்குக் கீழ வைக்க ஒரு தடிச்ச பலகைத் துண்டு, பஞ்சர் ஒட்டுற கிற், பற்றறியில ஓடுற சின்னக் காத்துப் பம்ப். பலகையை ஆக்கள் மறக்கிறவை. செம்மண்ணிலயும் மணலிலயும் பலகை இல்லாமல் ஜாக்கி வச்சால் வான் எழும்பாது, ஜாக்கிதான் கீழ இறங்கும்.

மணற்காடு, சுண்டிக்குளம் பக்கம் மணலில புதைஞ்சால் அக்சிலேற்றரை மிதிச்சுக்கொண்டு நிக்காமல் நாலு ரயரிலயும் காத்தை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கோ, ரயர் பரந்து மணலுக்கு மேல ஏறும். தார் ரோட்டுக்கு வந்தோடன திரும்பக் காத்தடிக்க வேணும், அதுக்குத்தான் பம்ப். மிச்சத்துக்கு ஒரு நல்ல இழுவைக் கயிறு, சின்ன மண்வெட்டி, முதலுதவிப் பெட்டி, நெருப்பு அணைக்கிற சிலிண்டர், இன்ரநெற் இல்லாமலும் வேலை செய்யிற மாதிரிப் போனில இறக்கின வரைபடம், ரோச். ரோச்சைப் பற்றித் தனியாச் சொல்ல வேணும்.

ரோச் எண்டால் போனிலயே இருக்குத்தானே, ஏன் தனிய?

போன் ரோச்சால ரயர் நட்டைப் பாக்கலாம், பத்தடிக்கு அங்கால பத்தைக்க என்ன நிக்குது எண்டு பாக்க ஏலாது. ராவில வழி தவறினால் அந்தப் போனின்ர பற்றறிதான் உங்களுக்கு உதவியைக் கூப்பிடப் போகுது, அதை வெளிச்சத்துக்குச் செலவழிக்காதேங்கோ. ரைபிள் தேடுற ஆக்கள் அந்த அக்கறையில பாதியை ரோச் தேடுறதில வச்சால் காணும் எண்டு நான் சொல்லுறனான்.

எனக்குப் பிடிச்சது ரெண்டு. ஒண்டு தலையில கட்டுற ஹெட் லைற், ரெண்டு கையும் சும்மா இருக்கும், ரயர் மாத்த, காயம் கட்ட, சமைக்க எல்லாத்துக்கும் அதுதான். மற்றது கையில பிடிக்கிற அலுமினியம் ரோச், 500 தொடக்கம் 1000 லூமன்ஸ், தூரத்துக்கு அடிக்கிற வகை. ரெண்டு லட்சம் லூமன்ஸ் எண்டு பெட்டியில அச்சடிச்சு மலிவா விக்கிறதை நம்பாதேங்கோ, கைக்கு அடக்கமான ரோச்சில அப்பிடி ஒரு வெளிச்சம் வராது. பற்றறி எங்கயும் வாங்கக்கூடிய சைஸா இருக்க வேணும். ஒட்டுசுட்டான் கடையில டபிள் ஏ பற்றறி கிடைக்கும், 18650 எண்ட லிதியம் பற்றறி கிடைக்காது. சார்ஜ் பண்ணுற வகை வாங்கினால் வாகனத்தில சார்ஜ் பண்ணுற வயரும் சேத்தே கட்டி வையுங்கோ.

வைக்கிற விதமும் இருக்கு. அலுமினியம் ரோச்சின்ர வால்பக்க மூடியை அரைச் சுத்துத் தளத்தி விட்டால் அனேகமான ரோச்சில கரண்ட் ஓட்டம் நிண்டிடும், பைக்க உருண்டு சுவிச் அமத்துப்பட்டாலும் லைற் எரியாது. எடுத்தோடன இறுக்கினால் சரி. டிரைவர் கதவுப் பொக்கற்றில வையுங்கோ, டிக்கிக்க பைகளுக்குக் கீழ வேண்டாம். சாதாரண பற்றறி வெக்கைக்கு ஒழுகிப் பச்சை பிடிக்கும், அதால மாசத்தில ஒருக்காக் கழட்டிப் பாக்க வேணும். லிதியம் பற்றறி, பவர் பாங்க், காஸ் கான், லைற்றர் இதுகளை வெயிலில பூட்டின வாகனத்துக்க விட்டுட்டுப் போகவே கூடாது.

கத்தி, கோடாலி வைக்கலாமோ, இல்லாட்டி அதுக்கும் பிடிப்பாங்களோ?

சமையல் சாமானோட, மரக்கறிப் பெட்டிக்க, உறையில போட்ட கத்தி எண்டால் அது சமையல் கத்தி. அதே கத்தி டிரைவர் சீற்றுக்குக் கீழ பேப்பரில சுத்திக் கிடந்தால் பொலிஸ் வேற மாதிரித்தான் பாக்கும், அவையைப் பிழை சொல்லவும் ஏலாது. ரோட்டில விழுந்த கொப்பை வெட்ட ஒரு காட்டுக்கத்தி தேவைப்படும், அதைக் கயிறு, மண்வெட்டியோட சேத்து டிக்கியில வையுங்கோ. வாள் வச்சிருக்கிற கதையே வேண்டாம், யாழ்ப்பாணத்தில வாள்வெட்டு எண்டு பட்ட பாடு காணும்.

ரோட்டில ஆரும் மறிச்சுப் பறிச்சால்? அதுக்காவது ஆயுதம் வேணுமெல்லோ?

கதவைப் பூட்டி, நிப்பாட்டாமல் வெளிச்சமும் சனமும் உள்ள இடம் வரைக்கும் ஓடுங்கோ, 119 க்கு அடியுங்கோ. நிக்க வேண்டி வந்தால் சாமானைக் குடுங்கோ. பிள்ளையள் பின்சீற்றில இருக்க, துவக்கைக் காட்டி வெல்லலாம் எண்டு நினைக்கிறது பயங்கரமான யோசினை.

காட்டுக்க கொஞ்சத்தூரம் நடந்து பாத்தால் என்ன, கட்டுத்துவக்கு எண்டு சொல்லுறது உண்மையோ?

உண்மை. பன்றி, மான் போற தடத்தில துவக்கைக் கட்டி, குறுக்க ஒரு மெல்லிய கயித்தையோ கம்பியையோ இழுத்து விடுவினம், தட்டுப்பட வெடிக்கும். மிருகத்தின்ர உயரத்துக்குக் கட்டுறதால மனிசருக்குக் காலில, முழங்காலுக்குக் கிட்டப் படும், காலை எடுக்க வேண்டியும் வரும். சட்டவிரோதம்தான், ஆனால் கட்டுறாங்கள்.

அதால ஒற்றையடிப் பாதையள், மிருகம் போன தடங்கள், காய்ஞ்ச வாய்க்கால் இதுகளில இறங்கி நடக்காதேங்கோ. ஊர் ஆள் ஒருத்தர் முன்னுக்கு நடந்தால் மட்டும் அவற்ற பின்னால போங்கோ.

மிதிவெடி எல்லாம் எடுத்து முடிஞ்சுதுதானே?

முடியேல்லை. கனக்க எடுத்திட்டினம், எடுக்கிற ஆக்களில எங்கட பெண்பிள்ளையளும் நிறையப்பேர், குனிஞ்சு முழந்தாளில நிண்டு வெயிலில அங்குலம் அங்குலமா மண்ணைச் சுரண்டி எடுக்கிற வேலை அது. ஹலோ ட்ரஸ்ட் எண்ட மிதிவெடி எடுக்கிற அமைப்பு 2002 இல இருந்து இஞ்ச வேலை செய்யுது. இலங்கை 2017 இல மிதிவெடித் தடை உடன்படிக்கையில சேந்தது, எடுத்து முடிக்க வேண்டிய தவணை 2028. முகமாலையில, ஏ9 ரோட்டுக் கரையோடயே, போர்க்காலத்தில வருசக்கணக்கா முன்னரங்காக் கிடந்த இடங்களில அடர்த்தியாப் புதைச்சிருந்தவை.

சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம், சிவப்பு மை அடிச்ச தடி, சிவப்பு நாடா, இதில ஒண்டைக் கண்டாலும் அந்தப் பக்கம் கால் வைக்காதேங்கோ. மூத்திரம் பெய்யிறதுக்கு எண்டு ரோட்டை விட்டுப் பத்தைக்க இறங்கிறதுதான் பயணம் போறாக்கள் விடுற பெரிய பிழை. ரோட்டுக் கரையிலயே நில்லுங்கோ, வெக்கம் பாக்க வேண்டாம். மழை வெள்ளம் மண்ணை அரிச்சால் முந்தி இல்லாத இடத்திலயும் சாமான் வெளிவரலாம், மாரி முடிஞ்ச கையோட போறாக்கள் இதைக் கட்டாயம் மனசில வைக்க வேணும்.

கனடாவில மச்சான் முதல் ரைபிள் வாங்கப்போறார், வேட்டைக்கு வாகனத்தில கொண்டு போக எது நல்லது எண்டு கேக்கிறார்.

அது அந்த நாட்டு விசயம், அங்க சட்டப்படி ஏலும். முதல் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு எடுத்து, பி.ஏ.எல். எண்ட லைசன்ஸ் எடுக்க வேணும், முதல் தரம் எடுக்கிறவருக்கு ஆகக் குறைஞ்சது 28 நாள் காத்திருப்பு. ஒன்ராறியோவில வேட்டைக்குத் தனிப் பயிற்சியும் அவுட்டோர்ஸ் கார்டும் வேணும். தெற்கு ஒன்ராறியோவில சில இடங்களில மானுக்கு ரைபிளே பாவிக்க ஏலாது, ஷொட்கன் மாதிரி வேற ஆயுதம்தான். அதால எந்த இடத்தில வேட்டை எண்டு தீர்மானிச்சுப்போட்டுத்தான் கடைக்குப் போகச் சொல்லுங்கோ.

ரைபிள் ஏலுமான இடமெண்டால் முதல் ஆளுக்கு போல்ட் அக்சன் (கையால போல்ட்டை இழுத்து ஒவ்வொரு சன்னமா ஏத்திற வகை), சன்ன அளவு .308, குழல் 20 தொடக்கம் 22 அங்குலம், மரப்பிடிக்குப் பதிலா சிந்தற்றிக் பிடி, துருப்பிடிக்காத உருக்கு. போல்ட்டைக் கழட்டினால் வெறும் இரும்புக் குழாய், உள்ளுக்க சன்னம் இல்லை எண்டு கண்ணாலயே காணலாம், அந்தப் பாதுகாப்பு பெரிசு. மானுக்கும் மூஸுக்கும் .308 காணும், சன்னம் எல்லாக் கடையிலயும் இருக்கும். அடர்ந்த காட்டுக்க கிட்டத்தில சுடுறதெண்டால் .30-30 சன்னத்துக்கான லீவர் அக்சன் (கீழ உள்ள பிடியை இழுத்து ஏத்திற வகை) மெல்லிசு, தூக்க இலகு, 150 மீற்றருக்கு மேல அதில நம்பிக்கை வைக்கக்கூடாது. .22 முயலுக்குச் சரி, மானுக்கு விடமாட்டினம். ஏ.ஆர்-15 மாதிரியானதுகளை 2020 வைகாசியில கனடா தடைசெய்திட்டுது, அந்த யோசினையை விடச் சொல்லுங்கோ.

அவர் அதை ட்ரக்குக்கையே எப்பவும் வச்சிருக்கலாமோ?

வைக்கக்கூடாது. கொண்டு போகேக்க சன்னம் எடுத்திருக்க வேணும், வாகனத்தை விட்டு இறங்கினால் பூட்டின டிக்கியில, டிக்கி இல்லாத ட்ரக் எண்டால் கண்ணுக்குத் தெரியாமல் மூடி வாகனத்தைப் பூட்ட வேணும். ஒன்ராறியோவில பொழுதுபட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, விடிய அரை மணித்தியாலத்துக்கு முதல் வரைக்கும் வேட்டைக் காட்டுப்பக்கம் துவக்கு உறைக்க இருக்க வேணும். பயணம் முடிஞ்ச அண்டே வீட்டுக்க கொண்டு போய்ப் பூட்ட வேணும். ரொறொன்ரோப் பக்கம் ட்ரக்கையே களவெடுக்கிறாங்கள், அதோட ரைபிளும் போனால் அது ஆரின்ர கையில சேரும் எண்டு யோசிக்கச் சொல்லுங்கோ.

இரும்புக்கும் கூடாது. குளிரில கிடந்த ரைபிளைச் சூடான வீட்டுக்க கொண்டு வந்து உடன உறையைத் திறந்தால் இரும்பு முழுக்க வேர்க்கும், உள்ளுக்கயும் வேர்க்கும். உறையோடயே கொஞ்ச நேரம் வச்சு வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து துடைக்க வேணும். எப்பவும் வாகனத்தில குலுங்கினால் ஸ்கோப்பின்ர குறியும் விலகலாம். குடும்பத்தோட முகாம் போறதுக்கு அவருக்கும் ரைபிள் தேவையில்லை, கரடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே காணும், கனடாவின்ர தேசிய பூங்காக்களிலயும் அதைத்தான் கொண்டு போகச் சொல்லுறவை.

ரோட்டுக்கரையில மான் இறைச்சி இருக்கு எண்டு கேட்டாங்கள், வாங்கினால் பிழையோ?

பிழை. மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட மிருகம், சுட்டவன் மட்டும் குற்றவாளி இல்லை, வாகனத்தில ஏத்தினவரும்தான், வாகனத்தையும் எடுப்பினம். நீங்கள் குடுக்கிற காசில அடுத்த கட்டுத்துவக்குக்கு வெடிமருந்து வாங்குவாங்கள். மேல சொன்ன அந்தக் காலில படுற துவக்குத்தான்.

சுண்டிக்குளத்து மணலுக்க பழைய சன்னம், கோது, துருப்பிடிச்ச துவக்குத் துண்டு கிடந்தால் நினைவுக்கு எடுத்துக்கொண்டு போகலாமோ?

வெளிநாட்டில பிறந்து வளந்த பிள்ளையள் இதைக் கேக்கேக்க எனக்கு நெஞ்சு பதறும். அவைக்கு அது வரலாறு, தொட்டுப் பாக்க ஆசை, அது விளங்குது. ஆனால் துருப்பிடிச்ச செல்லோ கிரனைட்டோ பாத்தோடன பேணி மாதிரித்தான் இருக்கும், பழசு எண்டால் செத்துப்போச்சு எண்டு அர்த்தம் இல்லை, மருந்து உள்ளுக்க இருக்கும். தொடாமல், காலால தட்டாமல், வந்த அடிச்சுவட்டிலயே திரும்பி வந்து, தூரத்தில நிண்டு இடத்துக்கு அடையாளம் வச்சு 119 க்குச் சொல்லுங்கோ.

வெறும் கோது எண்டாலும் எடுக்காதேங்கோ. வாகனத்தைச் சோதிக்கேக்க அம்பிட்டால் எங்க எடுத்தது, மிச்சம் எங்க எண்டு விசாரணை தொடங்கும். பலாலியிலயோ கட்டுநாயக்காவிலயோ பையை ஸ்கான் பண்ணேக்க வந்தால் பிளேன் போயிடும், நீங்கள் நிப்பீங்கள். வான் பையள், பிள்ளையளின்ர காற்சட்டைப் பொக்கற்றுகளை யாழ்ப்பாணம் திரும்பி வெளிக்கிட முதலே நான் ஒருக்காப் பாக்கச் சொல்லுறனான், பிள்ளையள் சொல்லாமல் எடுத்து வைக்கிறவை.